ஊரில் வசந்தம் இல்லையா?

அன்பின் தம்பி,

உங்கள் கட்டுரைகளை ரொறன்ரோவிலிருந்து வாசித்து வருகிறேன். பிறந்து வளர்ந்தது திருகோணமலை உப்புவெளியில். ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முடிவில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஹை பார்க்கில் செரிப் பூ பார்க்கப் போவோம். இம்முறை பேத்தி, "அம்மம்மா, உங்கட ஊரில வசந்தத்துக்கு என்ன பூ பூக்கும்?" என்று கேட்டாள். மல்லிகை, செவ்வரத்தை, நித்தியகல்யாணி என்று கோயிலுக்கு ஆய்ந்த பூக்களைச் சொன்னேன். "அது எப்பவும் பூக்கிறதுதானே" என்றாள். வேறொன்றும் என் வாயில் வரவில்லை. எங்களுக்கு மழை, வெயில் என்று இரண்டு காலம்தான், வசந்தம் இல்லை என்று சமாளித்துவிட்டேன். சொன்னது சரிதானா?

ஒரு வாசகி, ரொறன்ரோ

*

அன்பின் அக்கா,

சரியில்லை. நேராகச் சொல்வதற்குக் கோபிக்க வேண்டாம்.

உங்கள் வளவில் என்னென்ன மரங்கள் நின்றன என்று ஒருமுறை மனதால் சுற்றி வாருங்கள். உப்புவெளி வளவென்றால் வேம்பு நின்றிருக்கும். மா, முருங்கை, கிணற்றடியில் தேசி, பின்வேலியோரம் அன்னமுன்னா, மணல் பக்கமாக மரமுந்திரிகை. அத்தனையும் வருடம் தவறாமல் பூத்தவை. பேத்தி கேட்டபோது அவற்றில் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை என்றால், நாங்கள் எல்லாருமே அந்த மரங்களைக் காயாகவும் பழமாகவும் அறிந்து வைத்திருப்பதுதான் காரணம். மாம்பூ பூத்தால் "இந்த முறை நல்ல காய்ப்பு" என்கிறோம். பூவைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை.

எங்கள் வசந்தத்துக்குத் தேதி உண்டு. ஐப்பசியில் தொடங்கும் வாடை மழை தையோடு ஓயும். நிலத்துக்குள் ஈரம் இருக்கும், மேலே வெயில் ஏறத் தொடங்கும். அப்போதிருந்து வைகாசியில் கச்சான் காற்று அனலாக வீசும்வரை ஒவ்வொரு மரமாகப் பூக்கிறது. முதலில் மாவும் மரமுந்திரிகையும். ஒரு மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும், சிலவற்றில் ஆயிரத்தையும் தாண்டும். பழமாகத் தங்குவது ஒன்றோ இரண்டோதான். மரமுந்திரிகைப் பூ வெளிறிப் பிறந்து, நாளாக ஆக ரோசாச் சிவப்பாகும். ஒரே கொத்தில் இரண்டு நிறத்தையும் பார்க்கலாம்.

நீங்கள் பார்க்கும் செரி மரங்கள் எனக்கும் விருப்பமானவைதான். 1959இல் டோக்கியோ மக்களின் அன்பளிப்பாக ரொறன்ரோவுக்கு 2000 மரங்கள் வந்தன. அந்த வகைச் செரி எல்லாமே ஒட்டுக்கட்டிப் பெருக்கப்பட்ட ஒரே மரத்தின் பிரதிகள். அதனால்தான் ஒரே கிழமையில் சொல்லிவைத்தாற்போலப் பூக்கின்றன, ஒரு நகரமே கூடிப் பார்க்க முடிகிறது. எங்கள் வேம்புகள் விதையால் முளைத்தவை. எங்கள் வீட்டு வேம்பு உதிர்ந்து முடிகிறபோது எதிர்வீட்டு வேம்பு அரும்பு கட்டுகிறது. கூட்டம் சேர்ந்து பார்க்க ஒரு நாள் வாய்ப்பதில்லை. ஆனால் நாலு மாதம் தொடர்ந்து ஏதோ ஒன்று பூத்துக்கொண்டே இருக்கிறது.

இன்னொன்று, நேரம். இந்தப் பூக்களில் பல நாங்கள் பார்க்கும் நேரத்தில் பூப்பதில்லை. தம்பலகாமம் போகும் வழியில் வயலோரக் கோயிலொன்றின் பின்னால் ஒரு இலுப்பை நிற்கிறது. மாசிக் கடைசியில் ஒரு நாள் விடியுமுன் அங்கே போனேன். மரத்தில் வௌவால் சத்தம். கீழே மண் தெரியாமல் பூ. இலுப்பைப் பூ இதழ் இதழாக உதிர்வதில்லை, வெண்மஞ்சளான சின்னக் குமிழாக முழுதாய்க் கழன்று விழுகிறது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன், பிசுபிசுத்த இனிப்பு. "ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்று தாழ்த்திச் சொல்லவே நாங்கள் அந்தப் பூவைப் பயன்படுத்துகிறோம். முதலில் அதைச் சொன்னவர் அந்தப் பூவைத் தின்றவராகத்தான் இருக்க வேண்டும். ஏழு மணிக்கெல்லாம் கோயிலைக் கூட்டுகிறவர் வந்து எல்லாவற்றையும் குவித்துவிட்டார். எட்டு மணிக்குக் கும்பிட வருகிறவருக்கு அங்கே வெறும் மரம்தான் நிற்கும்.

அன்னமுன்னாப் பூவை இன்றுவரை பாராத பலரை எனக்குத் தெரியும். எல்லாரும் அன்னமுன்னா சாப்பிட்டவர்கள். பூ பச்சை நிறம், இலைக்கடியில் தலைகீழாகத் தொங்கும். தடித்த மூன்று இதழ்கள், அவையும் அகல விரியாது. விரலால் மெல்ல நீக்கிப் பார்த்தால் உள்ளே அடியில் ஊதா படிந்திருக்கும், பழுத்த பழத்தின் வாசம் அடிக்கும். அந்த வாசத்துக்கு மிகச் சிறிய வண்டுகள் வந்து உள்ளே ஒதுங்குகின்றன. பூ முதலில் பெண்ணாக இருக்கிறது, பிறகுதான் மகரந்தம் உதிர்க்கிறது. பெண்ணாக இருக்கும் பூவுக்கு வேறு பூவின் மகரந்தத்தை அந்த வண்டுதான் சுமந்து வர வேண்டும். ஒரு பக்கம் கண் வைக்காமல் சூம்பிப்போன பழங்களைச் சந்தையில் ஒதுக்கிவிடுவோமே, பெரும்பாலும் அவை வண்டு சரியாக வந்துபோகாத பூக்களின் பழங்கள். இதை அறிந்த பிறகு நான் பழத்தை ஒதுக்குவதில்லை.

கடற்கரைப் பற்றைகளில் கிளா பூக்கிறது. முள்ளுக்குப் பயந்து யாரும் கிட்டப் போவதில்லை, முல்லை போன்ற வெள்ளைப் பூ, முல்லை போன்ற வாசம்.

நாவலைப் பற்றி எழுதும்போது மனம் கனக்கிறது. எங்கள் ஒழுங்கை முகப்பில் பெரிய நாவல் ஒன்று நின்றது. நாவற்பூவின் இதழ்கள் விரிவதில்லை, ஒன்றாய் ஒட்டிக் குல்லாய்போலக் கழன்று விழும். பிறகு தெரியும் வெள்ளைக் குஞ்சம் முழுக்க மகரந்த இழைகள். சித்திரையில் அந்த மரத்தடியில் நின்றால் தேனீச் சத்தத்தில் பேச்சுக் கேட்காது. பூ உதிர்ந்து வாகனத்தில் ஒட்டுகிறது, பழம் விழுந்து மதிலில் கறை படுகிறது என்று ஒரு வீட்டார் அதை வெட்டுவித்தார்கள். பூத்திருந்த நேரம்தான் வெட்டினார்கள். விழுந்து கிடந்த கொப்புகளில் மறுநாளும் தேனீ வந்தது. நான் முன்கூட்டியே போய்ப் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை.

7ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் எங்கள் கோணேசர் கோயில் நிற்கும் கோணமாமலையைப் பாடியபோது ஒரே பாட்டில் எட்டுப் பூக்களைச் சொன்னார்: மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை. குருந்து முள்ளுள்ள காட்டுமரம், தேசியின் உறவு. கடலுக்கு அந்தப் பக்கம் இராமேசுவரத்தில் நின்றபடியே பாடினார் என்பது வழக்கு. கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் மான்களைப் படம் எடுக்காதவர் இல்லை. வழியோர மரங்களைப் பார்த்து, இது என்ன பூ என்று கேட்டவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

பேத்திக்கு வேப்பம்பூ என்று சொல்லுங்கள் அக்கா. பங்குனியில் உங்கள் அம்மா மரத்தடியில் பழைய சேலை விரித்திருப்பார், பூ பொறுக்கி உழுந்தோடு சேர்த்து வடகம் தட்டிக் காயவைத்திருப்பார். பின்னேரம் கிணற்றடியில் நின்றபோது தேன்போல ஒரு வாசம் வந்திருக்குமே, அதுதான் உங்கள் வசந்தம். அதை ஒரு வார்த்தை சொன்னால் உங்களுக்கே மிச்சம் ஞாபகம் வரும். காய்ந்த வேப்பம்பூ உங்கள் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் கிடைத்தால் ஒரு பிடி வாங்கி இளஞ்சூட்டு நீரில் ஊறவிடுங்கள். வெள்ளைத் தட்டில் பரப்பி, பேத்தியின் கையில் ஒரு பூதக்கண்ணாடியைக் கொடுங்கள். ஐந்து இதழ், நடுவில் ஒரு சின்னக் குழாய், அதன் விளிம்பில் பத்து மகரந்தப் பைகள். எண்ணச் சொல்லுங்கள்.