லேபலில் உறைப்பா, காரமா?

கேள்வி: திருகோணமலையில் வீட்டிலேயே வறுத்து இடித்த கறித்தூள் விற்கிறேன். லேபலில் ‘உறைப்புக் கூடியது’ என்று போடச் சொன்னேன். அது பேச்சுவழக்கு, ‘காரம்’தான் முறையான தமிழ் என்கிறார் அச்சகத்தார். எதைப் போடுவது?

பதில்: தயங்காமல் உறைப்பு என்றே போடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியிலேயே இந்தப் பொருளோடு இடம்பெற்ற சொல் அது. அச்சகத்தார் தமிழ்நாட்டு வழக்கை மட்டும் தமிழென்று எண்ணிவிட்டார் போலும்.

உறைத்தல் என்றால் அழுத்தமாகத் தாக்குதல், உள்ளே பதிதல். சித்திரை வெயில் முதுகில் உறைக்கிறது. புத்திமதி சிலருக்கு உறைப்பதேயில்லை. சைவ நூல்களுக்கு உரை எழுதியோர் ‘அன்பின் உறைப்பு’ என்று அசையாத பக்தியைச் சொல்வார்கள். மிளகாய் நாக்கில் செய்வதும் இதையேதான். வெயிலுக்கும் மிளகாய்க்கும் ஒரே வினை வந்தது பொருத்தமும்கூட: மிளகாயிலுள்ள கப்சைசின், சூட்டை உணர்த்தும் அதே நரம்பு முனைகளைத்தான் தூண்டுகிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உறைதல் வேறு. தம்பலகாமத்து எருமைத்தயிர் சட்டியில் உறைகிறது. கறி நாக்கில் உறைக்கிறது.

காரம் என்பதை வடமொழி ‘க்ஷார’த்தின் வழிவந்ததாக அகராதி காட்டும். அங்கே அது சாம்பலில் இருந்து எடுக்கும் உப்பையும் அரிக்கும் பொருளையும் குறிக்கும். சவர்க்காரம், படிகாரம், வெங்காரம் எல்லாம் அந்தக் குடும்பமே. நம் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் பாடத்தில் காரம் என்றால் சிவப்புப் பாசிச்சாயத்தாளை நீலமாக்கும் பொருள். அதற்காகக் காரம் பிழை என்று சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டில் சாப்பாட்டுக்கு அதுவே பழகிய சொல். அறுசுவைப் பட்டியலில் வரும் ‘கார்ப்பு’ மட்டும் லேபலுக்கு வேண்டாம். கடைக்கு வருபவர் விழிப்பார்.

எழுத்தில் ஒரு கண் வையுங்கள். வல்லின றகரம் இடையின ரகரமாகி ‘உரைப்பு’ என்று அச்சேறினால், உங்கள் தூள் வாய் ஓயாமல் பேசும் தூளாகிவிடும். மூன்று வகை விற்பதானால் ‘உறைப்புக் கூடியது, நடுத்தரம், குறைந்தது’ என்று பிரித்துப் போடலாம். சென்னை உறவினருக்கு அனுப்பும் பைக்கற்றுகளில் மட்டும் உறைப்புக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘காரம்’ என்று சேர்த்தால் போதும்.