விளக்கைச் சுற்றி வானவில் வளையம்: பனியா, கண்ணா?

கேள்வி: ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். வயது 54. மூன்று மாதமாக இரவில் விளக்கைப் பார்த்தால் சுற்றிலும் வானவில் போல வளையம் தெரிகிறது. எங்கள் பக்கம் எந்நேரமும் பனிமூட்டம் என்பதால் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் சில நாட்களில் வீட்டுக்குள்ளும் தெரிகிறது. அப்போது புருவத்துக்கு மேல் வலிக்கும், தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். என் தாயாருக்கும் கடைசிக் காலத்தில் பார்வை போய்விட்டது. இது பயப்பட வேண்டிய விடயமா?

பதில்: அம்மா, வீட்டுக்குள்ளும் வளையம் தெரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் நான் இரண்டு முறை வாசித்தேன்.

மூட்டத்தில் தெரியும் வளையம் நோயல்ல. அதில் மிதக்கும் நீர்த்துளிகள் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கே இருப்பதால், அவற்றைக் கடக்கும் ஒளி வளைந்து பரவி, உட்புறம் நீலமும் வெளிப்புறம் சிவப்புமாக விளக்கைச் சுற்றி வளையம் கட்டுகிறது. 2243 மீட்டர் உயரமான சிவனொளிபாதமலையில் விடியலில் நிற்பவர்கள், எதிரே மூட்டம் இருந்தால், அதில் விழும் தம் தலையின் நிழலைச் சுற்றியும் வண்ண வளையத்தைக் காணக்கூடும். இவற்றோடு பழகிவிட்ட மலையகத்தில், கண்ணுக்குள்ளிருந்து எழும் வளையத்தையும் பனியின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம் என்பதே என் கவலை.

கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடிந்து செல்லும் கோணம் சிலருக்குப் பிறவியிலேயே குறுகலாக இருக்கும். அவர்களுக்கு மங்கலான வெளிச்சத்தில் கண்மணி விரியும்போது அந்த வழி அடைபட்டு, வழக்கமாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும் கண்ணழுத்தம் வேகமாக ஏறும். அதனால் கருவிழியில் நீர் கோர்த்துக்கொள்ள, அந்த நுண்துளிகள் பனித்துளிகள் செய்யும் அதே வேலையைக் கண்ணுக்குள் செய்கின்றன. தூக்கத்தில் கண்மணி சுருங்குவதால் வழி மீண்டும் திறந்து, வலி தணிகிறது. குளுக்கோமா எனப்படும் கண்ணழுத்த நோயின் இந்த வகை, நாற்பதைக் கடந்த பெண்களிடமும், குடும்பத்தில் இந்நோய் உள்ளவர்களிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது. கண்புரையிலும் விளக்கொளி சிதறிக் கூசும்; ஆனால் வலி இராது.

வீட்டிலேயே ஒன்றைச் செய்து பார்க்கலாம். மூக்குக்கண்ணாடி அணிபவரானால் அதைத் துடைத்துக்கொண்டு, அடுப்புப் புகையும் கொதிநீராவியும் அடங்கிய பிறகு, சில அடி தள்ளி நின்று ஒரு கண்ணை மூடி, மின்குமிழை மட்டும் விரல் நுனியால் மறையுங்கள். வளையமும் கூடவே மறைந்தால் அது கண்ணில் உண்டாவது. விரலைச் சுற்றி அப்படியே நின்றால் வெளியிலுள்ள ஆவியிலோ மூட்டத்திலோ உண்டாவது. எனினும் இதன் விடை எதுவானாலும், உங்களுக்கு வலியும் இருப்பதால் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

இந்த வாரத்திலேயே அரசாங்க வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவுக்குச் சென்று, கண்ணழுத்தத்தையும் கோணத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கோணம் குறுகலென்று தெரிந்தால், கண்மணியைச் சுற்றியுள்ள நிறத்திரையில் லேசர் கதிரால் சிறு துளையிட்டு நீருக்கு மாற்றுவழி அமைக்க முடியும். அதுவரை தடிமனுக்குக் கடையில் மருந்து வாங்கி விழுங்காதீர்கள். அவற்றுள் சில கண்மணியை விரிக்கும். கண் சிவந்து, கடும் வலியும் வாந்தியும் வந்து பார்வை மங்கினால், விடியும்வரை காத்திராமல் அந்த இரவே வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குப் போய்விடுங்கள். உங்கள் உடன்பிறந்தவர்களும் ஒருமுறை கண்ணைக் காட்டிக்கொள்வது அவசியம்.