வாசகர் கேள்வி-பதில்: புள்ளியை விடுங்கள், இடைவெளியை அளவிடுங்கள்

கே: துணி வடிவமைப்பு படிக்கிறேன். மதுரையில் இரண்டு நாள் சுற்றி, கைபேசியில் 300 படம் எடுத்தேன். வீட்டில் வரைய உட்கார்ந்தால் எதுவும் உதவவில்லை. என்ன தவறு?
— வாசகி, ஈரோடு

ப: உங்கள் படங்களில் அளவு இருக்காது. சாய்வாக நின்று எடுத்த படத்தில் சேலையின் கரைக்கும் உடலுக்கும் உள்ள விகிதமே மாறிவிடும். அடுத்த முறை அங்குல டேப், கட்டம் போட்ட நோட்டு, பென்சில், சிறு லென்ஸ் எடுத்து வாருங்கள். விளக்குத்தூண் பக்கத்துக் கடைகளில் ஒரு சுங்குடிச் சேலையை (முடிச்சுப் போட்டுச் சாயமேற்றிய புள்ளிச் சேலை) விரிக்கச் சொல்லி, 10 செ.மீ. சதுரத்துக்குள் எத்தனை புள்ளி என்று எண்ணுங்கள். வரிசைகள் நேராக நிற்கின்றனவா, கோலத்தின் இடுக்குப் புள்ளி போல இடையில் விழுகின்றனவா என்று பாருங்கள். கரை, உடல், முந்தி மூன்றின் அகலத்தையும் குறியுங்கள். ஒரு மாதிரி திரும்ப எங்கே தொடங்குகிறதோ, அதுவரை மட்டும் வரைந்தால் போதும். (ஒரு சேலையாவது வாங்கிவிடுங்கள், விரித்துக் காட்டுவதும் உழைப்புதான்.)

நிறத்துக்குக் கைபேசியை நம்பாதீர்கள். கடையின் மஞ்சள் வெளிச்சத்தில் அரக்கு ஒரு மாதிரி, வாசலில் வேறு மாதிரி. வண்ண நூல் துண்டுகளைக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட்டு, பொருந்துவதை நோட்டில் ஒட்டுங்கள்.

திருமலை நாயக்கர் மகாலில் சுதை வேலைப்பாட்டின் வளைவுகளை எடுங்கள், நிறத்தை எடுக்காதீர்கள். 1636-இல் எழுந்த கட்டடம் பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. இன்றைய பூச்சு நாயக்கர் காலத்துக்குச் சாட்சி ஆகாது. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. அதுவும் நல்லதுதான்: ஒரே ஒரு தூணை ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, வெளியே சித்திரை வீதியில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரையுங்கள். நினைவில் நின்ற கோடுதான் உங்களுக்கு வேண்டிய கோடு. நாளுக்கு மூன்று வடிவம் கிடைத்தாலே அதிகம்.

கே: கையால் முடிச்சுப் போட்ட சுங்குடியை எப்படிக் கண்டுபிடிப்பது?
— வாசகர், திண்டுக்கல்

ப: துணியை நகத்தால் கிள்ளித் தூக்கி, நூலால் இறுகச் சுற்றிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. துருத்திய நுனியில் ஏறும். அதனால் வெள்ளை வளையமும் நடுவில் நிறப் பொட்டும் விழும். எந்த இரண்டு புள்ளியும் அச்சு அசலாக இராது. இஸ்திரி போடாத துணியில் சுருக்கம் விரலுக்குத் தட்டுப்படும். முடிச்சு தளர்ந்திருந்தால் சாயம் உள்ளே கசிந்து புள்ளி மங்கும். பின்பக்கம் வெளிறியிருந்தால் ஸ்கிரீன் பிரிண்ட். மெல்லிய விரிசல் கோடுகள் ஓடினால் மெழுகு அச்சு. அதை மட்டம் என்று சொல்ல மாட்டோம், முடிச்சு விலைக்கு வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

கே: கீழடிப் பானைக் கீறல்களைப் பைகளில் அச்சிடலாம் என்றிருக்கிறேன். சரியா?
— வாசகி, சிவகங்கை

ப: ஊரெல்லாம் அதைத்தான் அச்சிடுகிறது. அருங்காட்சியகத்தில் நூல் நூற்கும் தக்களிகளையும் தந்தச் சீப்பையும் பாருங்கள். கறுப்பு-சிவப்புப் பானையில் கறுப்பு சிவப்பாக மாறும் விளிம்பைப் பாருங்கள். அந்த நிற மாற்றத்தைக் கரைக்கு வைத்தால் பை தனித்து நிற்கும். கீறல்தான் வேண்டுமென்றால் ஒன்றை மட்டும், பார்த்த விகிதத்திலேயே வரையுங்கள். பக்கத்தில் அதற்குப் பொருள் எழுதாதீர்கள். அந்தக் குறிகள் இன்னும் படிக்கப்படவில்லை.