மிஷெல் யோ சண்டைக்காரரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தற்காப்புக் கலைப் படங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் புரூஸ் லீ, ஜெட் லீ வரிசையில் மிஷெல் யோவையும் சேர்த்திருந்தீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. நான் சில வருடம் கராத்தே கற்றவன். அவர் எந்த ஆசானிடமும் முறையாகக் கற்றவர் இல்லை, பாலே ஆடிக்கொண்டிருந்தவர் என்று படித்தேன். ஆஸ்கர் வாங்கிவிட்டார் என்பதற்காகச் சேர்த்தீர்களா? நிஜமாகச் சண்டை தெரிந்தவரையும் கேமரா முன் கைகாலை வீசுபவரையும் ஒரே தட்டில் வைக்கலாமா? அப்புறம், அவ்வளவு திறமைசாலி என்றால் அறுபது வயது வரை ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது? அவர் படங்கள் அதிகம் பார்த்ததில்லை. எங்கிருந்து தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் படித்தது சரிதான். 1962இல் மலேசியாவின் ஈப்போவில் பிறந்து, சின்ன வயதிலிருந்தே பாலே ஆடி, அதை மேலும் படிக்க இங்கிலாந்து போனவர். முதுகில் பட்ட அடியால் மேடைக் கனவு முடிந்தது. 1983இல் மிஸ் மலேசியா. அப்புறம் ஜாக்கி சானுடன் ஒரு கைக்கடிகார விளம்பரம், அதன் வழியாக ஹாங்காங் சினிமா. 1985இல் 'எஸ், மேடம்' படத்துக்காக ஸ்டண்ட் ஆட்களுடன் ஜிம்மில் கிடந்து கற்றதுதான் அவருடைய சண்டைப் படிப்பு. பட்டை, பட்டயம் எதுவும் கிடையாது.

ஆனால் அந்தப் படத்தில் அவருடன் நடித்த அமெரிக்கரான சிந்தியா ராத்ராக் பட்டம் வென்றவர். எதில்? எதிராளி இல்லாமல் தனியாகச் செய்துகாட்டும் அடவுப் போட்டிகளில். நீங்கள் கராத்தேயில் காட்டா என்பீர்களே, அந்த வகை. ஜெட் லீயும் அப்படித்தான். சிறுவனாக இருந்தபோதே பெய்ஜிங் அணிக்காக அவர் வாங்கிக் குவித்த வூஷூ (சீனத் தற்காப்புக் கலை) பதக்கங்கள் நடுவர்கள் மதிப்பெண் போட்டுக் கொடுத்தவை, யாரையும் அடித்து வீழ்த்தி வாங்கியவை அல்ல. 1958இல் ஹாங்காங்கின் சா-சா நடனப் போட்டியில் பட்டம் வென்ற இளைஞனின் பெயர் புரூஸ் லீ என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அவர் சண்டை தெரிந்தவர்தான், மறுக்கவில்லை. ஆனால் திரையில் நம்மைக் கட்டிப்போட்டதில் பாதி அந்த நடனக் கால்கள்.

நிஜச் சண்டையில் நல்ல சண்டைக்காரர் தன் அடுத்த அடியை மறைக்கிறார். தோள் அசையக் கூடாது, கண் காட்டிக்கொடுக்கக் கூடாது. இது உங்களுக்கே தெரியும். திரையில் அதையே செய்தால் பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது. அடி எங்கே கிளம்புகிறது, எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். எதிராளியின் மூக்குக்கு ஒரு விரல்கடை முன்னால் கை நிற்க வேண்டும். அதே தாள எண்ணிக்கையில் அவர் தலை திரும்ப வேண்டும். ஒரு ஷாட்டுக்கு நாலைந்து அசைவு, தப்பினால் மறுபடி முதலிலிருந்து. எண்ணிக்கைக்கு உடம்பைப் பழக்கிய ஒருவருக்கு இது பிறந்த வீடு மாதிரி.

நடனக்காரரைச் சண்டைக்கு எடுக்கும் இந்த வழக்கம் மிஷெல் யோவோடு தொடங்கியதும் இல்லை. 1966இல் கிங் ஹூ 'கம் டிரிங்க் வித் மீ' எடுத்தபோது வாள் வீசும் நாயகியாகத் தேர்ந்தெடுத்தது பாலே பயின்ற செங் பெய்-பெய்யை. 2000இல் ஆங் லீயின் 'க்ரௌச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' வந்தது. அதில் வில்லியாக வருபவர் அதே செங் பெய்-பெய். இளையவராக வரும் ஜாங் ஸீயி பெய்ஜிங் நடனப் பள்ளியில் படித்தவர். மூன்றாமவர் மிஷெல் யோ. படத்தின் முக்கியமான மூன்று பெண்களும் நடனக்காரர்கள்! சண்டை அமைத்த யுவென் வூ-பிங், பீக்கிங் ஓபரா என்ற சீனப் பாரம்பரிய இசை நாடகக் குடும்பத்திலிருந்து வந்தவர். அங்கே சண்டையும் ஆட்டமும் ஒரே பாடம்.

மிஷெல் யோ பற்றிப் பேசினாலே 1992இல் வந்த 'போலீஸ் ஸ்டோரி 3'இல் மோட்டார் சைக்கிளோடு ஓடும் ரயில்மேல் தாவியதைச் சொல்வார்கள். அதற்காகவே பைக் ஓட்டக் கற்றுக்கொண்டாராம். பெரிய துணிச்சல், சந்தேகமில்லை. ஆனால் அவருடைய கலை அங்கே இல்லை என்பேன். ரயிலில் தாவ வேறு ஆட்களும் கிடைப்பார்கள். 'க்ரௌச்சிங் டைகர்' முற்றச் சண்டையைப் பாருங்கள். எதிரே ஜாங் ஸீயி, கையில் எதையும் வெட்டிவிடும் ஒரு வாள். இவர் இரட்டை வாள், ஈட்டி என்று மாற்றி மாற்றி எடுக்கிறார், ஒவ்வொன்றும் துண்டாகிறது. ஒரு கனமான இரும்புக் கோலைத் தூக்கப் பார்த்து அதன் எடையிலேயே தடுமாறுகிறார். கடைசியில் முறிந்த வாளை அந்தப் பெண்ணின் கழுத்தில் வைத்து, வெட்டாமல் நிற்கிறார். கோபம், வாஞ்சை, கொஞ்சம் களைப்பு மூன்றும் அந்த முகத்தில் இருக்கின்றன. படப்பிடிப்பின் ஆரம்பத்திலேயே முழங்கால் தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பி வந்து நடித்த படம் இது. அதற்காகப் பாராட்டச் சொல்லவில்லை. அந்த முகத்துக்காகப் பாராட்டுங்கள்.

அறுபது வயது வரை ஏன் என்றால், கொஞ்சம் அவரே எடுத்த முடிவு, மீதி தொழில் செய்தது. 1988இல், மார்க்கெட் உச்சத்தில் இருந்தபோது, தன் தயாரிப்பாளரையே திருமணம் செய்துகொண்டு நடிப்பை விட்டார். மணமுறிவுக்குப் பிறகுதான் ரயில் தாவல். 1997இல் ஜேம்ஸ் பாண்ட் படம் கிடைத்தது, ஆனால் அதன்பின் வந்தவை பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த ஆசியப் பெண் வேடங்கள். பலவற்றை மறுத்தார். 'க்ரௌச்சிங் டைகர்' ஆஸ்கருக்குப் பத்துப் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு நான்கை வென்றது, அந்தப் பத்தில் நடிப்புக்கான பரிந்துரை ஒன்றுகூட இல்லை. சண்டை போடும் முகத்தை நடிப்பாக எண்ணாத பழக்கம் உங்களுக்கு மட்டும் இல்லை, கே. 2023இல் சிறந்த நடிகை விருது வாங்கித்தந்த 'எவ்ரிதிங் எவ்ரிவேர் ஆல் அட் ஒன்ஸ்' கதையையே இயக்குநர்கள் முதலில் ஜாக்கி சானை மனதில் வைத்துத்தான் யோசித்தார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? 'எஸ், மேடம்' கதை வெறும் சாக்கு, கடைசிச் சண்டை மட்டும் போதும். கம்பியில் காலை மாட்டிக்கொண்டு பின்னால் வளைந்து கண்ணாடியை உடைப்பார். அந்த முதுகு பாலே கொடுத்தது. அடுத்து 1994இல் வந்த 'விங் சுன்'. மேசையில் ஒரு டோஃபு (சோயாப் பாலில் செய்த மென்மையான பனீர் மாதிரி) கட்டியை வைத்து, முடிந்தால் உடை என்று ஒரு முரடனிடம் சவால் விடுவார். கராத்தே கற்ற உங்களுக்கு அந்தக் காட்சி நிச்சயம் பிடிக்கும். பிறகு 'க்ரௌச்சிங் டைகர்'. ஆஸ்கர் படத்தைக் கடைசிக்கு வையுங்கள். பழைய படங்களைப் பார்த்திருந்தால்தான் அதில் பாதி வேடிக்கை புரியும். ஆன் ஹூயி இயக்கிய 'தி ஸ்டண்ட் வுமன்' படத்தில் பாலத்திலிருந்து குதிக்கும்போது மோசமாக அடிபட்டார். படம் சுமார்தான், நேரம் இருந்தால் மட்டும் பாருங்கள்.