பெனடிக்ட் சோதனையில் சர்க்கரை ஏன் நிறம் மாறவில்லை?

கேள்வி: உயிர்மூலக்கூறுகளைக் கண்டறியும் சோதனைகளை வகுப்பில் செய்து காட்டினேன். சாதாரண வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து, சில சர்க்கரைகளைக் கண்டறியும் நீல நிற பெனடிக்ட் கரைசல் சேர்த்துக் கொதிக்க வைத்தும் நீலம் மாறவே இல்லை. புரதத்தைக் கண்டறிய முட்டை வெள்ளைக்கருவில் செய்த பையூரெட் சோதனையிலும் ஊதா வராமல் நீலமாகவே நின்றுவிட்டது. கரைசல்கள் கெட்டுவிட்டனவா?

பதில்: பெனடிக்ட் கரைசல் எளிதில் கெடாது. சந்தேகமிருந்தால் 1% குளுக்கோஸ் கரைசலில் சோதித்துப் பாருங்கள். செங்கல் நிறம் வந்தால் கரைசல் நன்றாக இருக்கிறது என்று பொருள். வெள்ளைச் சர்க்கரையில் நீலம் மாறாததுதான் சரியான விடை.

பெனடிக்ட் கரைசல் இனிப்பைக் கண்டறிவதில்லை. எலக்ட்ரானைத் தரக்கூடிய சர்க்கரையைக் கண்டறிகிறது. குளுக்கோஸ் பெரும்பாலும் வளையமாக இருந்தாலும், அவ்வப்போது வளையம் திறந்து ஆல்டிஹைடு தொகுதி வெளிப்படும். அது எலக்ட்ரான் தந்து கரைசலிலுள்ள காப்பர்(II) அயனியை ஒடுக்க, கரையாத காப்பர்(I) ஆக்சைடு சிவப்பாக வீழ்படிகிறது. வெள்ளைச் சர்க்கரை என்பது சுக்ரோஸ். அதில் குளுக்கோஸின் முதல் கார்பனும் ஃப்ரக்டோஸின் இரண்டாம் கார்பனும் பிணைந்திருக்கின்றன. வளையம் திறக்க வேண்டிய இடங்கள் இந்த இரண்டும்தான். இரண்டுமே பூட்டப்பட்டுவிட்டதால் சுக்ரோஸ் ஒடுக்காது. பாலிலுள்ள லாக்டோஸும் இரட்டைச் சர்க்கரைதான். ஆனால் அதில் ஒரு முனை திறந்திருப்பதால் நிறம் மாறும்.

இதையே மாணவர்களுக்கு நல்ல பாடமாக்கலாம். 5% சுக்ரோஸ் கரைசலில் 2 மி.லி. எடுத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் 5 சொட்டு விட்டு, கொதிக்கும் நீர்த்தொட்டியில் 5 நிமிடம் வையுங்கள். பிணைப்பு உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் பிரியும். ஆறியதும் சோடியம் பைகார்பனேட்டைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். நுரைப்பது நிற்கும்வரை போட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். பெனடிக்ட் காரத்தன்மையில்தான் வேலை செய்யும். மிச்சமிருக்கும் அமிலம் அந்தக் காரத்தைத் தின்றுவிடும். பிறகு 2 மி.லி. பெனடிக்ட் சேர்த்து மறுபடி 5 நிமிடம் சூடாக்கினால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறத்தில் நிற்கும். குழாயை நேரடித் தீயில் காட்டாதீர்கள். திடீரெனப் பொங்கித் தெறிக்கும்.

பையூரெட் சோதனை தவறக் காரணம் பெரும்பாலும் காப்பர் சல்பேட் அதிகமாவதுதான். மிகுதிக் காப்பர், நீல நிற ஹைட்ராக்சைடாகித் திரண்டு ஊதாவை மறைத்துவிடும். வெள்ளைக்கரு ஒரு பங்குக்கு 0.9% உப்புநீர் பத்துப் பங்கு கலந்து, நுரைக்காமல் கிளறி வடிகட்டுங்கள். வெறும் நீரில் கலந்தால் குளோபுலின் புரதங்கள் பிரிந்து கலங்கலாகும். இதில் 2 மி.லி. எடுத்து, 10% சோடியம் ஹைட்ராக்சைடு 2 மி.லி. சேர்த்துக் கலக்கிய பிறகு, 1% காப்பர் சல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மூன்று முதல் ஐந்து சொட்டு போதும். ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்குங்கள். சூடாக்கத் தேவையில்லை. இந்தக் காரம் கண்ணுக்கு மிக ஆபத்தானது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மாணவர் கையில் தர வேண்டாம்.

இந்த ஊதாவைத் தருவது, அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெப்டைடு பிணைப்புகள். ஒரு மூலக்கூறில் குறைந்தது இரண்டு பிணைப்புகளாவது இருக்க வேண்டும். அதனால் கிளைசின் போன்ற தனி அமினோ அமிலத்தில் ஊதா வராது. கிளைசினையும் வெள்ளைக்கருவையும் அடுத்தடுத்த குழாயில் காட்டிவிட்டால் புரதத்தின் அமைப்பைத் தனியாக விளக்க வேண்டிய வேலை பாதி குறையும். வெறும் நீரில் இதே அளவுகளோடு இன்னொரு குழாயும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிர் ஊதாவையும் நீலத்தையும் அருகருகே பார்த்தால்தான் கண் பிரித்தறியும்.

வெள்ளைக்கருவில் பெனடிக்ட் சோதனை செய்தால் லேசாக நிறம் மாறலாம். அதில் சிறிதளவு குளுக்கோஸ் இயற்கையாகவே உண்டு. குழாய் அழுக்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

அடுத்து ஸ்டார்ச்சுக்கு அயோடின் சோதனை செய்வீர்களானால், கரைசலை நன்றாக ஆறவிடுங்கள். சூட்டில் ஸ்டார்ச்சிலுள்ள அமைலோஸ் என்ற சங்கிலி மூலக்கூறின் சுருள் தளர்ந்து, உள்ளே சிக்கிய அயோடின் வெளியேறுவதால் கருநீலம் மறைந்துவிடும். ஆறினால் திரும்பி வரும். காரம் பட்ட குழாயிலும் நிறம் வராது, அயோடின் காரத்தோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். எனவே பையூரெட்டுக்குப் பயன்படுத்திய குழாயை நன்கு கழுவாமல் இதற்கு எடுக்காதீர்கள்.