மகனோடு ஆடுகிறீர்கள் சரி, கணவர் எங்கே?

கேள்வி: எனக்கு 47 வயது, ஊர் பாம்பன். பெங்களூரில் வேலை பார்க்கும் மகனுக்கு ஆகஸ்டில் கல்யாணம். வரவேற்பில் நானும் அவனும் சா-சா-சா என்ற கியூபா நடனம் ஆட வேண்டும் என்று வீடியோ அனுப்பியிருக்கிறான். ராத்திரியில் மொட்டைமாடியில் பழகுகிறேன், கால் தடுமாறுகிறது. விசைப்படகில் போகும் என் கணவர் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் வீட்டில் இருக்கிறார். ஓரமாக உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டே "இப்பவும் முந்திட்ட" என்பார். நாத்தனார் சிரிக்கிறாள். இந்த வயதில் இது தேவையா, விட்டுவிடவா?

பதில்: வயதைப் பற்றியும் நாத்தனாரைப் பற்றியும் நான் பேசப்போவதில்லை. இப்படிக் கடிதங்கள் நிறைய வருகின்றன, எல்லாவற்றிலும் யாராவது ஒருத்தர் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். எனக்கு உங்கள் கணவரைப் பற்றித்தான் கேட்க வேண்டும். கடிதம் முழுக்க மகன், வீடியோ, வெட்கம். அவருக்கு ஒரே ஒரு இடம், அதுவும் ஓரத்தில்.

அவர் சொல்வது சரி என்பதாவது உங்களுக்குத் தெரியுமா? பாட்டுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாளத் தட்டு ஓடும். புதிதாகப் பழகுகிறவர்கள் 'ஒன்று' விழுந்ததுமே காலை முன்னால் எடுத்து வைத்துவிடுவார்கள். ஆனால் இந்த ஆட்டத்தில் முன்னாலோ பின்னாலோ வைக்கும் அடி இரண்டாவது தட்டில்தான். இரண்டு, மூன்று, அப்புறம் நான்காவது தட்டை இரண்டாக உடைத்து, அடுத்த 'ஒன்று'டன் சேர்த்துப் பக்கவாட்டில் மூன்று குட்டி அடி, அதுதான் சா-சா-சா. 1950-களின் தொடக்கத்தில் கியூபாவின் ஹவானாவில் என்ரிக்கே ஹொர்ரின் என்ற வயலின் கலைஞர் இந்த இசையை அமைத்ததே, மாம்போ என்ற கியூபா இசையின் தாளத்துக்கு ஆட முடியாமல் ஜனங்கள் தடுமாறியதைப் பார்த்துத்தான். நீங்கள் ஒரு தட்டு முந்துகிறீர்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதைக் காதால் பிடித்திருக்கிறார் மனிதர். அம்பாப் பாட்டுக்குக் கை சேர்த்து வலை இழுத்தவர்களின் வாரிசுக்கு அது வராமல் போகுமா?

அப்படிப்பட்டவரை உட்கார வைத்துவிட்டு போனைப் பார்த்துத் தனியாக ஆடிக்கொண்டிருக்கிறீர்களே, இது என்ன நியாயம்? இது ஜோடி ஆட்டம். எதிரில் இருப்பவர் இடது காலை முன்னால் வைக்கும்போது நீங்கள் வலது காலைப் பின்னால் எடுக்க வேண்டும். எதிரில் ஆளே இல்லாமல் அது எப்படிப் பிடிபடும்? தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். வருஷத்தில் இத்தனை ராத்திரி சேர்ந்தாற்போல் அவர் வீட்டில் இருப்பது வேறு எப்போது? அவர் கடலில் பட்ட பாட்டில்தானே பிள்ளை படித்து பெங்களூர் போனான். அவன் கல்யாண வரவேற்பில் அப்பா ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டினால் போதுமா? மனைவி எந்தப் புது விஷயத்தில் இறங்கினாலும் முதலில் கூட்டுச் சேர்க்க வேண்டியது கணவரைத்தான் என்று நினைக்கிறவள் நான். உங்கள் மீது எனக்குக் கோபமே இதில்தான்.

நேராக "ஆட வாங்க" என்றால் மாட்டேன் என்பார். "எதிர்ல நின்னு எண்ணிக்கொடுங்க" என்று கூப்பிடுங்கள். முதல் வாரம் பாட்டே வேண்டாம், அவர் வாய் எண்ணுவது போதும். பாட்டு நிமிடத்துக்கு 120 தட்டு போலப் பறக்கும். அடியைச் சின்னதாக வையுங்கள், ஒரு பாத நீளம் தாண்ட வேண்டாம், சேலைக்கும் அதுதான் நல்லது. இடுப்பை வேண்டுமென்றே ஆட்டாதீர்கள். முன்பாதத்தை அழுத்தி வைத்து, உடல் எடை அந்தக் காலுக்குப் போகும்போது முட்டியை நேராக்கினால் இடுப்பு தானாக அசையும். குனிந்து காலைப் பார்க்காதீர்கள், அவர் முகத்தைப் பாருங்கள். மொட்டைமாடிச் சிமெண்ட் பாதத்தைத் தேய்த்துவிடும், கூடத்தில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு ஆடுங்கள்.

மகனுக்கு இன்றைக்கே போன் போடுங்கள். முதல் பாட்டு அப்பாவும் அம்மாவும் ஆடுவது, அவன் முறை அதற்கு அப்புறம்.