இங்கிலாந்து கால்பந்தின் இரண்டாம் அடுக்கில் மிக மோசமான சீசன் எந்த அணியுடையது?

என் பதில் லஃப்பரோ, 1899-1900. 34 ஆட்டங்களில் ஒரே ஒரு வெற்றி, 6 டிரா, 27 தோல்வி; மொத்தம் 8 புள்ளிகள். அடித்தது 18 கோல், வாங்கியது 100.

டான்காஸ்டர் ரோவர்ஸும் 1904-05இல் அதே 8 புள்ளிகள்தான் எடுத்தது. ஆனால் மூன்று முறை வென்றது. அப்போது வெற்றிக்கு 2 புள்ளிகள்தான். வெற்றிக்கு 3 புள்ளிகள் என்ற இன்றைய கணக்கில் லஃப்பரோவுக்கு 9, டான்காஸ்டருக்கு 11.

சரி, இந்தக் காலத்தில்? 2016-17இல் ராதர்ஹாம் 46 ஆட்டங்களில் 23 புள்ளிகள், 98 கோல் வாங்கியது. லஃப்பரோவோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

லஃப்பரோவை நினைத்தால் மனம் கனக்கிறது. 1896இல் ஆர்சனலை 8-0 என வீழ்த்திய அணி அது. 1900 மார்ச்சில் அதே ஆர்சனலிடம் 12-0 எனத் தோற்றது. அந்த ஆண்டே கிளப்பும் கலைந்துபோனது.